கோதுமைத் தட்டுக்கு 235 கிராம், அரிசித் தட்டுக்கு 155: எலிகளை வைத்து நம்ம சாப்பாட்டை எடைபோட்ட மெக்காரிசன் யார்?

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மதுரை பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் போனால் யூனிஃபார்மோடு நிற்கும் பசங்களைப் பார்க்கலாம். ஸ்கூல் முடிந்து டியூஷனுக்குப் போகிற இடைவெளி. கையில் ஒரு பப்ஸ், இல்லை பன் பட்டர் ஜாம். காசு கொஞ்சம் கூட இருந்தா ரெண்டு பரோட்டா, மேல சால்னா. முடிக்க ஒரு டீ. வயிறு நிறைஞ்சிடும். வீட்டுக்குப் போனா ராத்திரிக்கு சோறோ தோசையோ இருக்கும்.

வயிறு நிறைவது ஒன்று, உடம்பு வளர்வது இன்னொன்று. ஒரு மனிதனின் உயரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கும், எடையில் பாதி வரையும் பதின்ம வயதில்தான் சேர்கின்றன. அந்த வயசில் தட்டில் என்ன விழுகிறது என்பதை அளந்து பார்க்கணும் என்று இன்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னாடி, சாப்பிட்டும் ஒருத்தர் பட்டினியாக இருக்க முடியும் என்பதையே பலர் ஏற்கவில்லை.

இந்தியர்கள் தினமும் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே எடுத்து, அளந்து, வளரும் உடம்பில் அது என்ன செய்கிறது என்று பார்த்த ஆய்வுக்கூடம் நம்ம தமிழ்நாட்டில்தான் இருந்தது. இடம், நீலகிரி மாவட்டம் குன்னூர். அதைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்து டாக்டர். அவர் நடத்திய போட்டியில் மதராஸ் மாகாணத்துச் சாப்பாடு கடைசி இடம் வாங்கியது.

யார் இந்த மெக்காரிசன்?

1878 மார்ச் 15-ல் அயர்லாந்தின் போர்ட்டடவுன் என்ற ஊரில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட் நகரின் குயின்ஸ் கல்லூரியில் படித்து 22 வயதில், 1900-ல் டாக்டர் ஆனார். அடுத்த வருஷமே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். அப்போதெல்லாம் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் டாக்டர்களை அனுப்பும் சர்வீஸ் அது. சில வருஷம் வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்புவார் என்றுதான் வீட்டில் நினைத்திருப்பார்கள். ஆனால் திரும்பிப் போக 1935 ஆகிவிட்டது.

முதலில் போட்டது வடமேற்கு எல்லையில். சித்ரால், கில்கிட் என்று இன்று பாகிஸ்தான் பக்கம் இருக்கும் மலைப் பகுதிகள். கில்கிட்டில் அவர் கண்ணில் பட்டது கழுத்து வீக்கம், அதாவது தைராய்டு சுரப்பி பெருத்துப்போகும் நோய். ஒரே வாய்க்காலை நம்பி அடுத்தடுத்து சில கிராமங்கள் இருந்தன. வாய்க்கால் மேலிருந்து கீழே வர வர, ஒவ்வொரு ஊரும் கழுவி விடும் அழுக்கும் அதில் சேர்ந்தது. மேல் கிராமத்தில் கழுத்து வீக்கம் குறைவு. கடைசிக் கிராமத்தில் ரொம்ப அதிகம்.

மெக்காரிசன் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தண்ணீரில் படிந்த வண்டலை எடுத்து, சம்மதித்த ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கூடவே தானும் குடித்தார். சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. இன்றைய விதிமுறைப்படி எந்த நெறிமுறைக் குழுவும் இதுக்கு அனுமதி கொடுக்காது. கழுத்து வீக்கத்துக்கு முதன்மைக் காரணம் அயோடின் பற்றாக்குறை என்பது பின்னாளில் உறுதியானது. தண்ணீர் அழுக்கைத் துரத்திய மெக்காரிசனின் ஆரம்ப விளக்கம் முழுசா நிற்கவில்லை. ஆனால் ஊர் ஊராக எண்ணிப் பார்ப்பது, பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒப்பிடுவது, பிறகு சோதித்துப் பார்ப்பது என்ற பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. குன்னூரில் அதுதான் கை கொடுத்தது.

குன்னூரில் ஒரே ஒரு அறை

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் அவருக்கு ஆய்வுக்கு இடம் கிடைத்தது. இடம் என்றால் பெரிய கட்டடம் எல்லாம் இல்லை, ஒரே ஒரு அறை. ஆய்வின் பெயர் பெரிபெரி விசாரணை. நரம்பு தளர்ந்து, கால் வீங்கி, இதயம் பலவீனமாகி உயிரைக் குடிக்கும் நோய் பெரிபெரி. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களிடம் இது அதிகம். அரிசியின் தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது மட்டும் தெரியும். வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் வந்தது. அந்த ஏதோ ஒன்று இன்று வைட்டமின் பி1.

மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசி கொடுத்தார். குரங்குகளுக்குச் சத்து நீக்கிய சாப்பாடு கொடுத்தார். எல்லோரும் நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர் குடலைப் பார்த்தார். சத்துக் குறைந்த சாப்பாடு தின்ற விலங்குகளின் குடல் மெலிந்து, புண்ணாகி, கிருமித் தொற்றுக்கு இடம் கொடுத்தது. பெரிய நோயாக வெளியே தெரியும் முன்னாடியே உடம்பு உள்ளே இளைத்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்டது. 1921-ல் பற்றாக்குறை நோய்கள் பற்றி அவர் எழுதிய புத்தகம் இதைத்தான் பேசியது.

நடுவில் உடல்நலக் குறைவால் இங்கிலாந்து போனார். அரசின் சிக்கன நடவடிக்கையில் ஆய்வும் நின்றுபோனது. சாப்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் காசு இல்லை என்பது அன்றைக்கும் கேட்ட பாட்டுதான். 1925 வாக்கில் பற்றாக்குறை நோய் விசாரணை என்ற பெயரில் வேலை மறுபடியும் தொடங்கியது. 1928-ல் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. முதல் இயக்குநர் மெக்காரிசன்.

ஏழு தட்டு, ஒரே எலி

இப்போதுதான் அந்தப் போட்டி. மெக்காரிசனை இன்று வரை நினைக்க வைப்பது இந்த ஒரு சோதனைதான்.

அப்போது பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. வடக்கே இருக்கும் சீக்கியர், பட்டாணியர் எல்லாம் பிறவியிலேயே போர் வீரர்கள், தெற்கேயும் கிழக்கேயும் இருப்பவர்கள் பிறவியிலேயே நோஞ்சான் என்பது அந்த எண்ணம். ராணுவத்துக்கு ஆள் எடுப்பதே இந்தக் கணக்கில்தான் நடந்தது. உயரமும் எடையும் வடமேற்கிலிருந்து தெற்கே வர வரக் குறைவது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. காரணம் ரத்தமா, ரொட்டியா?

மெக்காரிசன் ஒரே இனத்து வெள்ளை எலிகளை எடுத்துக்கொண்டார். எல்லாம் வளரும் வயசுக் குட்டிகள், நம்ம கணக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. கூட்டத்துக்கு 20 எலி, மொத்தம் ஏழு கூட்டம். கூண்டு, தண்ணீர், கவனிப்பு எல்லாம் ஒன்று. தட்டு மட்டும் வேறு. ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, அடுத்ததுக்குப் பட்டாணியர் சாப்பாடு. அப்புறம் மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி, கடைசியாக மதராஸ்காரர். அந்தந்த மக்கள் எப்படிச் சமைப்பார்களோ அப்படியே சமைத்து வைத்தார்.

சீக்கியர் தட்டில் முழு கோதுமையை அரைத்துச் சுட்ட சப்பாத்தி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கறி. மதராஸ் தட்டில் தீட்டி, கழுவி, வடித்த அரிசிச் சோறு, பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, தேங்காய், கொஞ்சம் மோர், பால் ஒரு சொட்டு விட்ட காபி. நம்ம வீட்டு மெனுவை யாரோ எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருக்கா?

முடிவில் எல்லாவற்றையும் தராசில் ஏற்றினார். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகளின் சராசரி எடை 235 கிராம். பட்டாணியர் 230, மராட்டியர் 225, கூர்க்கர் 200, கன்னடர் 185, வங்காளி 180. மதராஸ் சாப்பாடு தின்றவை 155.

ஒரே தாய்வழி, ஒரே கூண்டு. ஆனால் 80 கிராம் வித்தியாசம். முதல் எலியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. எலிக்கு சாதி கிடையாது, வீரப் பரம்பரையும் கிடையாது. அப்படியென்றால் அந்த 80 கிராமைத் தின்றது தட்டுதான். பிரிட்டிஷ் ராணுவத்தின் டாக்டர் ஒருவரே பிரிட்டிஷ் ராணுவத்தின் இனக் கணக்கை எலிக்கூண்டில் வைத்து உடைத்தார். அவர் அந்த நோக்கத்தோடு செய்தாரா என்பது வேறு விஷயம். அவர் எழுத்திலும் வடக்கத்தி உடல்வாகு மீது ஒரு மயக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தராசு காட்டிய எண் அவரையும் தாண்டிப் பேசியது.

குன்னூர் ஆய்வுக்கூடத்தின் தாய் எலிக் கூட்டத்துக்கே அவர் சீக்கியர் சாப்பாட்டை ஒட்டிய உணவைத்தான் கொடுத்து வளர்த்தார். சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய கொண்டைக்கடலை, பச்சை கேரட், முட்டைக்கோஸ், பால், வாரத்துக்கு ஒரு தடவை எலும்போடு கறி. அந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளில் இரண்டு வருஷத்துக்கு மேல் நோய் என்று ஒன்றையும் காண முடியவில்லை என்று அவர் பதிவு செய்தார். குறைச் சாப்பாடு கொடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துப் பார்த்தபோது நுரையீரல், குடல், கண், தோல் என்று எங்கே பார்த்தாலும் நோய்.

தோற்றது தமிழனா, அரிசியா?

சோசியல் மீடியாவில் இந்தச் சோதனையைப் போட்டால் ரெண்டு கோஷ்டி கிளம்பும். ஒன்று, அரிசியே விஷம் என்னும். இன்னொன்று, வெள்ளைக்காரன் பொய் சொல்கிறான் என்னும். ரெண்டுமே அவசரம்.

முதலில், அந்த மதராஸ் தட்டு எல்லாத் தமிழர் தட்டும் இல்லை. மதுரை, ராமநாதபுரம், விருதுநகர் வட்டாரக் கரிசல், செம்மண் காடுகளில் அன்றைக்கு நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தான். அன்றாடம் கம்மங்கஞ்சி, கேப்பைக்களி, சோளச்சோறு. வைகைப் பாசனம் பாய்ந்த ஊரிலும் கண்மாய் நிறைந்த ஊரிலும்தான் அரிசி தாராளம். பழங்காநத்தத்தை ஒட்டிய மாடக்குளம் கண்மாய் அப்படிப்பட்ட ஒன்று. இன்றைக்கு அந்தப் பக்கம் வயலைவிட வீட்டுமனைதான் கண்ணுக்குத் தெரியும்.

அரிசி வந்தால் அந்தஸ்து, கேப்பை தின்றால் ஏழை என்ற எண்ணம் நம்மிடம்தான் இருந்தது. உணவு அட்டவணையைப் புரட்டினால் கணக்கு தலைகீழ். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம். அதே அளவு கேப்பையில் 340-க்கும் மேல். எலும்பு வளரும் 14 வயசுப் பிள்ளைக்கு எது தேவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏழைகளின் அரிசிச் சாப்பாட்டில் ஒரு பங்கு அரிசியை எடுத்துவிட்டு சிறுதானியம் சேர்த்தாலே வளர்ச்சி கூடுகிறது என்று குன்னூரின் பிந்தைய ஆய்வுகளும் காட்டின.

அடுத்தது, அரிசியிலும் எல்லாம் ஒன்றில்லை. இங்கேதான் தமிழ்நாட்டுக்கு ஒரு ஆறுதல் பரிசு. பெரிபெரி நோய் மதராஸ் மாகாணம் முழுக்க இல்லை. ஆந்திரக் கடலோரத்து வட சர்க்கார் மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்றவர்களிடம் வாட்டி எடுத்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் கிட்டத்தட்ட இல்லை. மெக்காரிசனும் ரோலண்ட் நாரிஸ் என்ற வேதியியல் ஆய்வாளரும் 1924-ல் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதினார்கள்.

காரணம் எளிது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, மேல் அடுக்கில் இருக்கும் வைட்டமின் பி1 உள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் முழுசாகப் போகாது. நெல் அவித்துக் களத்தில் காயப்போட்ட நம்ம பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற சொல் தெரியாது. ஆனால் அவர்கள் செய்த வேலை பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. நாலு தடவை அரிசியைக் களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டும் வேலை மட்டும் அந்தச் சத்தில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

பன், ஜாம், டீ கொடுத்த எலிகள்

மெக்காரிசன் தன் நாட்டையும் விடவில்லை. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் வீட்டுச் சாப்பாட்டையும் எலிகளுக்கு வைத்தார். வெள்ளை ரொட்டி, மார்கரின் என்ற செயற்கை வெண்ணெய், மலிவு ஜாம், டின்னில் அடைத்த இறைச்சி, வேகவைத்த முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும், சர்க்கரை போட்ட டீ. பக்கத்துக் கூண்டில் வழக்கம்போல் சீக்கியர் சாப்பாடு.

சீக்கியர் சாப்பாட்டு எலிகள் அமைதியாக, ஒற்றுமையாக வளர்ந்தன. வெள்ளை ரொட்டி எலிகள் குறுகின, உரோமம் மங்கியது, நிம்மதி இல்லாமல் அலைந்தன. பராமரிக்க வந்தவர்களைக் கடித்தன. கடைசியில் தங்களுக்குள் பலவீனமான எலிகளையே கொன்று தின்னத் தொடங்கின.

எலி கடித்ததை வைத்து டீன் ஏஜ் பசங்களோட கோபத்துக்கு பப்ஸ்தான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் அந்த மெனுவைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்க. மாவின் தவிடெல்லாம் நீக்கிய ரொட்டி, தாவர எண்ணெயை உறைய வைத்த கொழுப்பு, ஜாம், சர்க்கரை டீ. 1930-களில் லண்டன் ஏழைக் குடும்பத்தின் தலையெழுத்தாக இருந்தது, இன்று நம்ம பேக்கரி கண்ணாடி அலமாரியில் காசு கொடுத்து வாங்கும் ஸ்நாக்ஸ் ஆகியிருக்கு. வித்தியாசம் ஒன்று உண்டு. நம்ம பிள்ளைகள் அதை மட்டுமே தின்பதில்லை. வீட்டுச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மிச்சக் கணக்கு.

சாப்பாட்டைத் தாண்டி மண்ணையும் அவர் பார்த்தார். கோயம்புத்தூர் வேளாண் வேதியியலாளர் பி.விஸ்வநாத்துடன் சேர்ந்து, தொழுவுரம் போட்டு விளைந்த தானியத்தையும் ரசாயன உரம் போட்டு விளைந்ததையும் ஒப்பிட்டார். தொழுவுரத் தானியம் சத்தில் மேல் என்றது முடிவு. இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இன்றும் இதை எடுத்து வைப்பார்கள். அதன் பிறகு உலகெங்கும் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி முடிவைத் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

காந்தி தன் பத்திரிகைகளில் உணவைப் பற்றி எழுதும்போது மெக்காரிசனைக் குறிப்பிட்டிருக்கிறார். பாலை விடலாமா என்ற காந்தியின் தேடலுக்கு, பால் அவசியம் என்ற மெக்காரிசனின் ஆய்வு எதிர்த்தரப்பில் நின்றது. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி உணவைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமும் மெக்காரிசன் எழுதினார். 1926-ல் இந்திய விவசாயத்துக்கான அரச ஆணையத்துக்கு அவர் கொடுத்த அறிக்கையின் சாரம் ஒன்றுதான்: இந்திய மக்களின் பலவீனத்துக்கும் நோய்க்கும் பெரிய காரணம் சத்துக் குறைவு. 1933-ல் சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வு பெற்றுக் குன்னூரை விட்டுப் போனார்.

எலிக்கூண்டிலிருந்து ஹாஸ்டலுக்கு

அவர் இடத்துக்கு வந்தவர் டபிள்யூ.ஆர்.அய்க்ராய்ட். இவரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான், டப்ளின். ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் இருந்து வந்தவர். எலியில் பார்த்ததை மனிதர்களிடம் பார்க்கும் வேலை அவர் காலத்தில் வேகம் எடுத்தது.

தென்னிந்தியாவில் விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான அரிசிச் சாப்பாடு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாகக் கொழுப்பு நீக்கிய பால். சில மாதம் கழித்து உயரமும் எடையும் பார்த்தால், பால் குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகவே வளர்ந்திருந்தார்கள். 155 கிராம் என்ற எண்ணுக்கு இப்போது மனித முகம் வந்துவிட்டது. பிறவியில் குட்டை என்று நினைத்த பிள்ளை, ஒரு டம்ளர் பாலில் வளர்ந்தது.

1937-ல் குன்னூரிலிருந்து இன்னொன்றும் வந்தது. இந்திய உணவுப் பொருட்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கையேடு. முருங்கைக்கீரை, கேப்பை, கருவாடு, கொய்யா என்று நம்ம சந்தையில் கிடைப்பதற்கெல்லாம் எண் போட்டது அது. பல பதிப்புகள், பல பேர் கைகள் மாறி, 2017-ல் 528 உணவுகளுக்கான அட்டவணையாக வந்திருப்பது அந்த வரிசையின் வாரிசுதான்.

இன்று ஒரு பள்ளியில் பதின்ம வயதுப் பிள்ளைகளின் சாப்பாட்டை ஆய்வு செய்ய வருகிறவர்கள் செய்வதும் இதன் தொடர்ச்சியே. நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எத்தனை இட்லி, எந்தக் கரண்டியில் எத்தனை கரண்டி குழம்பு, டீயில் பால் எவ்வளவு என்று அளவுக் கிண்ணங்களைக் காட்டிக் கேட்பார்கள். வெளியே தின்ற வடையும் கணக்கில் வரும். அதைப் பச்சைப் பொருளாக மாற்றி, அட்டவணையில் தேடி, அந்த வயதுக்குத் தேவையான அளவோடு வைத்துப் பார்ப்பார்கள். பசங்க ஒன்றிரண்டை மறந்துவிடுவார்கள், சிலர் வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்வார்கள். அதனால் ஒரே நாளோடு விடாமல் வேறு நாளும் கேட்பது வழக்கம்.

எங்கே இடிக்கிறது என்றால், பெரும்பாலும் இரும்புச்சத்தில். 13 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அதே வயது ஆண் பிள்ளைக்கு 22. தீட்டிய அரிசி 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. சோற்றை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் 30 வராது. கீரை, பயறு, கம்பு, முட்டை, கறி, மீன் என்று பக்கத்தில் ஏதாவது வரணும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றாண்டு பழைய சோதனையை இன்னும் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

பள்ளிச் சாப்பாட்டில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. 1956-ல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, அதன் பின் சேர்ந்த முட்டை, 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என்று ஒவ்வொன்றாகத் தட்டு நிறைந்து வந்திருக்கிறது. ஆனால் காலை உணவு ஆரம்பப் பள்ளியோடு நிற்கிறது, சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. புரதமும் கால்சியமும் தேவை உச்சத்தில் இருக்கும் 16, 17 வயசில், பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு இல்லை. காலையில் சாப்பிடாமல் ஸ்பெஷல் கிளாஸுக்கு ஓடி, மதியம் லெமன் சாதம், சாயங்காலம் பேக்கரி என்று ஓடுவதும் அதே வகுப்புகள்தான்.

எங்கே சறுக்கினார்?

கில்கிட்டுக்குப் பக்கத்து ஹன்சா பள்ளத்தாக்கு மக்களைப் பற்றி மெக்காரிசன் எழுதியது பெரிய கதையாகவே மாறிவிட்டது. நோயே இல்லாமல் நெடுநாள் வாழ்கிறார்கள், காரணம் முழுத் தானியமும் காய்கறியும் பாலும் ஆப்ரிகாட் பழமும் என்ற மாதிரி. பின்னாளில் அங்கே போய்த் தங்கியவர்கள் மலேரியா, வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு எல்லாவற்றையும் அங்கேயும் பார்த்தார்கள். ஹன்சா ரகசியம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டுகளுக்கு ஊற்றுக்கண் இவர் எழுத்துதான், இவர் சொல்லாததையும் சேர்த்துக்கொண்டு.

எலியை வைத்து மனிதனைச் சொல்வதிலும் எல்லை உண்டு. எலி சில மாதத்தில் வளர்ந்து முடிக்கிறது, அதற்கு வைட்டமின் சி வெளியிலிருந்து தேவையே இல்லை. சீக்கியர் தட்டு ஜெயித்தது என்பதை கோதுமை ஜெயித்தது என்று படிப்பது இன்னொரு தப்பு. அந்தத் தட்டில் பால், வெண்ணெய், பச்சைக் காய், கறி எல்லாம் இருந்தன. மதராஸ் தட்டில் குறைந்தது அவை. அதே கோதுமையைத் தவிடு நீக்கி மைதாவாக்கினால் என்ன ஆகும் என்பதை அவருடைய வெள்ளை ரொட்டி எலிகளே காட்டிவிட்டன. பரோட்டாவும் கோதுமைதானே என்று வாதாடுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும்.

இன்னொரு கேள்வி காசு. பாலும் வெண்ணெயும் காயும் தின்ன முடியாததற்கு அறியாமை மட்டும் காரணமா? கூலி எவ்வளவு, நிலம் யாரிடம், வரி எவ்வளவு என்பதெல்லாம் தட்டுக்குப் பின்னால் இருப்பவை. மெக்காரிசன் வறுமையை அறியாதவர் இல்லை. ஆனால் அவர் சம்பளம் வாங்கிய அரசைப் பார்த்து அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. 1943-ல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கான பேரைக் கொன்றது. அதை விசாரித்த ஆணையத்தில் உட்கார்ந்தவர் குன்னூரின் அய்க்ராய்ட்.

கடைசிக் காலம்

இங்கிலாந்து திரும்பிய மெக்காரிசன் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார். 1936-ல் லண்டனில் அவர் நிகழ்த்திய மூன்று சொற்பொழிவுகளில் குன்னூர் எலிகள்தான் கதாநாயகர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் டாக்டர்களுக்கான மேற்படிப்பைப் பொறுப்பெடுத்து நடத்தினார். மனைவி ஹெலன். குழந்தைகள் இல்லை. 1960 மே 18-ல், 82 வயதில் இறந்தார். அவர் பெயரில் பிரிட்டனில் உணவு ஆய்வுச் சங்கம் ஒன்று பின்னர் உருவானது.

குன்னூர் ஆய்வுக்கூடம் அவர் உயிரோடு இருந்தபோதே, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969-ல் அதற்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் வந்தது. அந்த ஒரே அறைக்கு இடம் கொடுத்த பாஸ்டர் நிறுவனம் இன்னும் குன்னூரில்தான் இருக்கிறது. அங்கே இப்போது தடுப்பூசி தயாரிக்கிறார்கள்.